மூன்று மணித்தியாலச் சுணக்கம்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவரும் என்னைக் கேட்காமல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படுவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். விமானக் கம்பனிக்குப் போன் எடுத்தால் அரை மணித்தியாலம் பாட்டுப் போடுவார்கள். எனக்கு எடுத்தால், பிளேன் இப்போது எந்தக் கடலுக்கு மேலே, எத்தனை மணிக்குச் சில்லு தரையில் படும் என்று அவர்கள் தேத்தண்ணி ஆறுமுன் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் என்னைப் பிளேன் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னுடைய அன்ரனா நிற்கிறது. அதிலிருந்து வயர் ஒன்று என் அறைக் கணினிக்கு இறங்குகிறது. கொழும்புக்கு மேலே பறக்கிற பிளேன்கள் திரையில் புள்ளிகளாக ஊரும். இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் போகிற சின்னப் பிளேன் முதற்கொண்டு எல்லாவற்றையும் பன்னிரண்டு வருடமாகக் கொப்பியில் எழுதி வருகிறேன். இருபத்தேழு கொப்பி. மனைவி உயிரோடு இருந்த காலத்தில் அவளுடைய பிறந்தநாளை மறந்திருக்கிறேன், ஒரு பிளேனை மறந்ததில்லை. இதைச் சொல்லித்தான் அவள் வீட்டுக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைப்பாள்.

ஒரு குறைதான் இருந்தது. விமானப்படை ஹெலிகள் என் திரையில் விழுவதில்லை. அவற்றைக் காதால்தான் பிடிக்க வேண்டும். என் காதோ அறுபது தாண்டியதும் என்னைக் கைவிட்டுவிட்டது. அந்தக் குறையைத் தீர்த்தவர் மூன்றாம் மாடி இராசரத்தினம் அண்ணை. சண்டைக் காலம் முழுக்க யாழ்ப்பாணத்துத் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். கோப்பையில் இருக்கிற சோற்றை முடித்துவிட்டு எழும்பலாமா, எச்சில் கையோடு பதுங்கு குழிக்கு ஓட வேண்டுமா என்று சத்தத்தை வைத்தே முடிவெடுத்த காது அவருடையது. பின்னேரம் ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டு இருப்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பெல் ஹெலி ஒன்று, காலிமுகத்திடல் பக்கத்தால் வருகிறது என்பார். ஆரம்பத்தில் நான் நிமிர்ந்து பார்த்துச் சரிபிழை பார்த்தேன். ஒரு தரமும் பிழைக்கவில்லை. பிறகு குனிந்த தலை நிமிராமலே எழுதப் பழகிவிட்டேன்.

அப்படி இருக்கையில் அவருக்கு விசா வந்தது. மகள் அஷ்வினி மெல்பேர்னில் இருக்கிறாள். ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த விசா. குறித்த ஒரு திங்கட்கிழமைக்குள் அந்த மண்ணில் கால் வைக்காவிட்டால் அது செல்லாது. கண் ஒப்பரேஷனால் பயணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அதற்கு முந்திய சனிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் இடம் கிடைத்தது. ரிக்கெற் போட்டுக் கொடுத்தது நான். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன் என்பதால் என்னுடைய நம்பரையே கொடுத்திருந்தேன்.

எனக்கு மெய்யாகவே சந்தோசம். அவருடைய பெட்டியை நானே தராசில் நிறுத்தேன், மிளகாய்த்தூளை மூன்று பையில் சுற்றிக் கொடுத்தேன். பேத்திக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசை அவர் எனக்கு நாலு தரம் எடுத்துக் காட்டினார். அந்தக் கிழமைதான் இருபத்தெட்டாம் கொப்பியைத் தொடங்கினேன். கோடு போடும்போது, ஹெலிக்கென்று விட்ட பகுதி இனி வெறுமையாகத்தான் கிடக்கும் என்று மனதில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை இராகுகாலம். அதற்கு முன் புறப்பட அண்ணை எட்டரைக்கு வாடகை வான் சொல்லியிருந்தார். எட்டு மணிக்குப் புதுச் சேர்ட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, பிளேன் நேரத்துக்குத்தானே?"

பிளேன் நேரத்துக்குத்தான். கம்பனி அனுப்பிய செய்தி என் போனில் இருந்தது. சனக்கூட்டம் அதிகம், நேரத்தோடு வாருங்கள் என்றும் அதில் இருந்தது.

"மூண்டு மணித்தியாலம் சுணக்கமாம் அண்ணை" என்றேன். "ராகுகாலம் கழியட்டும், ஆறுதலா வெளிக்கிடுங்கோ."

நான் அவரைக் கையைப் பிடித்து மறிக்கவில்லை. வானைப் பிந்தி வரச் சொன்னது அவர்தான். என் வீட்டில் இருந்து இடியப்பம் சாப்பிட்டார், பேத்தியைப் பற்றிக் கதைத்தார். பத்தே முக்காலுக்கு வான் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தது நான். கையசைத்து அனுப்பியதும் நான். பன்னிரண்டு நாற்பத்து மூன்றுக்கு மெல்பேர்ன் பிளேன் எழும்பியதைக் கொப்பியில் எழுதினேன். அவர் அப்போது பூட்டிய கவுண்டருக்கு முன்னால் நின்றிருப்பார்.

அடுத்த இரண்டு நாளும் ஒரு பிளேனிலும் இடமில்லை. திங்கட்கிழமை வந்தது, போனது. வரவேற்க அம்மப்பா என்று எழுதிய காட்போட் மட்டையை அங்கே பேத்தி இன்னும் சுவரில் சாத்தி வைத்திருக்கிறாளாம். அஷ்வினி என்னிடம் போனில் கேட்டாள், அப்பா ஏன் அங்கிள் பிந்திப் போனவர் என்று. ராகுகாலம் பார்த்தவர் பிள்ளை என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் அழுதழுது தகப்பனைத்தான் ஏசினாள். அவர் வாயே திறக்கவில்லை. ஆகவே அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நான் ஆறுதலாக இருந்தேன். திரும்ப விண்ணப்பித்தால் இன்னும் பல வருடமாம். அவருக்கு எழுபத்து நாலு.

ஒரு கிழமைக்குப் பிறகு, பின்னேரம் ஐந்து மணிக்குத் தானாகவே மொட்டைமாடிக்கு வந்து தன் கதிரையில் இருந்தார். அன்றிலிருந்து அவருடைய காது முன்னையிலும் கூர்மையாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு பின்னேரத்துக்கு இரண்டு ஹெலி, மிஞ்சினால் மூன்று. இப்போது ஏழு, எட்டு. நாலு மாதத்தில் கொப்பி நிரம்பி வழிந்தது. நல்லதுக்குத்தான் எல்லாம் நடக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

போன புதன்கிழமை ஐந்தாம் மாடி விஷ்ணுப்பிரியா உடுப்பு எடுக்க மேலே வந்தாள். இராசரத்தினம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, எம்.ஐ. ஹெலி ஒன்று, பம்பலப்பிட்டிப் பக்கத்தால் என்றார். நான் எழுதினேன். அவள் கையில் துவாயோடு வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எங்க அங்கிள் ஹெலி? ஒரு சத்தமும் இல்லையே."

அவர் கண்ணைத் திறந்தார். வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சுணங்கி வருது பிள்ளை" என்றார். "மூண்டு மணித்தியாலம் சுணக்கமாம்."

அவள் சிரித்துக்கொண்டு கூடையோடு இறங்கிப் போனாள். நான் பேனையை மூடினேன்.

அன்றிரவு கொப்பியை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தேன். எண்ணூறுக்கு மேற்பட்ட ஹெலி. எது வந்தது, எது வரவில்லை என்று இனி ஒருவராலும் பிரித்தெடுக்க முடியாது. முழுக் கொப்பியையும் எறியத்தான் வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஒரு சுணக்கமும் இருக்கவில்லை, தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அதை நான் மறைக்கவில்லை, இதோ ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு நாள், ஒரு சொல், அதுவும் அவர் மேல் இருந்த பிரியத்தால் வந்தது. இது நாலு மாதம். நம்பிப் பக்கத்தில் இருக்கிற சிநேகிதனை நாள் தவறாமல் இப்படி ஏமாற்ற, ஒரு மனிதனுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை.