தாளில் ஒட்டிக்கொண்டது

— இசபெல்லா, பேச்சை வளக்காதம்மா. எண்பத்தஞ்சாம் வருசமும் பாதி ஓடிப்போச்சு. நீ பூஞ்சையை ஊறவச்சு வடிகட்டுன தண்ணி ஒரு பஞ்சு நூலைக்கூட அறுக்கல. லேபைப் பூட்டச் சொல்லி காலேஜ் உத்தரவு. ஒன் ஆராய்ச்சி இன்னியோட முடிஞ்சுது.

— பூட்டுங்க, சேனாதிபதி சார். அதுக்கு முன்னால இந்தக் கூடைக்குள்ள பாருங்க.

— குப்பைக்கூடையா? என்னது, கூழாட்டம் கெடக்கு?

— நம்ம ஃபில்டர் பேப்பர்.

— வடிகட்டுன கையோட எரிக்கணும்னு சொல்லியிருக்கேன்ல? பூஞ்சை பரவிராது?

— சலேத் மாதா தேர் பாக்கப் போற அவசரத்துல மறந்துட்டேன் சார். வந்து பாத்தா பேப்பர் கரைஞ்சு கெடக்கு! கூக்கால் காட்டுல மரத்தை மக்க வைக்கிற அந்தப் பூஞ்சையோட என்சைம், தண்ணியோட எறங்கவே இல்லீங்க. மரத்துல இருக்கற செல்லுலோஸ்தானே பேப்பரும்? அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கு. நாம பேப்பரை எரிச்சுட்டு வெறுந்தண்ணியில தேடியிருக்கோம்!

— அதெல்லாம் சரி. பேப்பர்ல ஒட்டுன பூஞ்சையே தின்னிருக்கும்.

— ஆண்டவரே, அதை யோசிக்காம இருப்பேனா! செல்லுலோஸ் இல்லாத கண்ணாடிப் பஞ்சுல பூஞ்சையை நிறுத்திட்டு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் புதுப் பேப்பர்ல விட்டேன். அப்பவும் கரைஞ்சுதே!

— பிடிச்சுக்க அதுக்கென்ன கையா இருக்கு? என்சைம்னா ஒரே உருண்டைம்மா.

— இல்லீங்க சார். பப்பாளிக்காய்ப் பால் பட்டா கறி எளகும்ல? என்சைமும் கறி மாதிரி புரதந்தானே. கன்னிவாடிச் சந்தையில காய் வாங்கி, பால் எடுத்து, அந்தத் தெளிஞ்ச தண்ணியில சேத்தேன். என்சைம் ரெண்டா அறுந்துபோச்சு. பெரிய துண்டு வெட்டுது, பேப்பர்ல ஒட்டல. சின்ன வால் ஒட்டுது, வெட்டத் தெரியல.

— இரு, இரு. வால் பிடிச்சுக்குது, உடம்பு வெட்டுதா?

— ஆமாங்க! ஒரு கையால கெளையைப் பிடிச்சுக்கிட்டு, மறுகையால அரிவாள் போடுறோம்ல, அப்படி.

— எத்தனை தடவை செஞ்சு பாத்த?

— சந்தேகம் தீர்ற மட்டும் சார். ஒவ்வொரு தடவையும் இதேதான்.

— முருகா! ஏலே பழனிமுத்து, பூட்டை வச்சுக்கிட்டு வாசல்ல நிக்காதே! பெருமாள்மலை முக்குல சூடா டீ வாங்கிட்டு வெரசா வா!

— சார், அழுவுறீங்களா?

— சந்தோசம்மா, வேறென்ன! போர்டுல வரை. உடம்பு... வால்... அடேயப்பா! நாளைக்கே எழுத ஆரம்பி.

— மேல மொதல்ல உங்க பேரு, அப்புறம் எம்பேரு. அதுதானுங்களே வழக்கம்?

— ஒன் பேரு மட்டும் போடு. என் பேரு நான் எழுதுன பாடப்புத்தகத்துல, அந்த ஒரே உருண்டைப் படத்துக்குக் கீழ இருக்கு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுத் தாரேன், ஒன் என்சைமுக்குப் போடு. தின்னட்டும்!