மே மாதம் கணக்கில் இல்லை

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரின் தாளை என்னைத் தவிர யாரும் கிழிப்பதில்லை. என் மனைவி ஸத்யபாமா ஒருமுறை மறதியாகக் கிழித்துவிட்டாள். அன்று முழுக்க நான் காபி சாப்பிடவில்லை.

முப்பத்து நான்கு வருஷம் திருவள்ளூர் கோர்ட்டில் வேலை பார்த்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவுக்கு எத்தனை நாள் என்று வக்கீல்களே இந்த ராமஸ்வாமியிடம் வந்துதான் கேட்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமொன்றுமில்லை.

இந்த பிப்ரவரியில் ஆசீர்வாதம் வந்தான். கும்மிடிப்பூண்டியில் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவன். தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்கு அவன் ஒரு தடுப்பு செய்திருந்தான். ஆள் கை உள்ளே இருக்கும்வரை மெஷின் இறங்காது. 2017 முதல் சுற்றுவட்டாரத்தில் நாற்பது பட்டறைகளில் அதை மாட்டிக் கொடுத்திருந்தான். நாலு வருஷம் கழித்து, அதே மாதிரி ஒன்றுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று பேட்டண்ட் வாங்கி, இப்போது இவன்மீதே வழக்குப் போட்டுவிட்டது. இரண்டு வக்கீல்கள் சமாதானமாகப் போகச் சொன்னார்களாம். இவனுக்கு ரோஷம். தானே வாதாடப் போவதாகச் சொன்னான்.

ஜெயித்திருப்பான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. பேட்டண்டுக்கு முன்பே ஊரறிய விற்றதற்குத் தேதி போட்ட சீட்டுகளும் போட்டோக்களும் வைத்திருந்தான். செய்ய வேண்டியது ஒன்றுதான். சம்மன் வாங்கிய முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். காரணம் சொல்லிக் கேட்டால் நூற்றிருபது நாள்வரை விடுவார்கள். அதற்கு மறுநாள் வீரராகவப் பெருமாளே கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் பஸ் பிடித்து சாயங்காலம் வந்துவிடுவான். எனக்கு ஜாதி வித்தியாசம் கிடையாது. அவனுக்கென்று தனியாக ஒரு டம்ளரே வாங்கி வைத்திருந்தேன். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இன்று ஒரு 'மேற்படி'யைச் சேர்ப்பேன், நாளை அதை எடுப்பேன். கோர்ட் பாஷை அவசரத்தில் வராது. "சாமி, நீங்க இல்லாங்காட்டி நான் இன்னா பண்ணுவேன்" என்பான். அந்த வார்த்தையை ஒருநாளும் நான் தடுத்ததில்லை.

மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. அதன் பிறகு, ஜூன் முதல் வாரத்தில், அவன் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஏஞ்சலின், தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பதிலை முழுவதும் அவளே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மூன்று பக்கம். நன்றாகவே இருந்தது.

"சார், பிப்ரவரி இருவதுல சம்மன் வந்துச்சு. ஜூன் இருவதோட நூத்திருவது நாள் முடியுது. லீவு நாளும் சேத்திதான்னு இதுல போட்டுக்குது" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

உள்ளேயிருந்து ஸத்யபாமா எட்டிப் பார்த்து, "பேஷ், உங்க வேலைக்கு ஆள் வந்தாச்சு" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பிறகு நிதானமாகச் சொன்னேன். "போன்ல போட்டிருக்கறது டெல்லிக்கும்மா. இங்கே மே மாசம் கணக்கில் வராது. முப்பத்தோரு நாளைக் கூட்டிக்கோ. ஜூலை இருபத்தொண்ணு வரைக்கும் இருக்கு. இதை இன்னும் கொஞ்சம் செதுக்கலாம்."

ஏஞ்சலின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சாமி கோர்ட்டுலயே இருந்தவரு, நீ சும்மா கெட" என்று ஆசீர்வாதம் அவளை அடக்கினான்.

ஜூலை பதினாலாம் தேதி அவன் தாக்கல் செய்யப் போனான். ஒரு வாரம் முன்னாடியே கொடுக்கிறோம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். புதுச்சட்டை போட்டிருந்தான். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாள் கடந்துவிட்டதால் பதிலை ஏற்க முடியாது என்ற நீதிபதி, யார் இப்படி எண்ணச் சொன்னது என்று கேட்டார். ஆசீர்வாதம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாந்தான் ஐயா, தப்பா எண்ணிக்கினேன்" என்றான். நாகரிகம் தெரிந்தவன்.

அன்றே இடைக்காலத் தடை வந்தது. செப்டம்பர் எட்டில் தீர்ப்பும் வந்தது. தடுப்பைச் செய்யவும் கூடாது, பழுது பார்க்கவும் கூடாது. கம்பெனிக்காரர்களின் தடுப்பு சின்னப் பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இவன் மாட்டிய தடுப்பில் ஸ்பிரிங் போன இடத்தில் எல்லாம் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்தார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் சின்னதுரை என்பவருக்கு வலது கையில் நான்கு விரல்கள் போயின. இடது கை நன்றாக இருக்கிறதாம். விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்கு மறுநாள் ஏஞ்சலின் தனியாக வந்தாள். உள்ளே வரவில்லை. "தெரிஞ்சேதான சொன்னீங்க?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள். "காபி சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன். தெரியும். கடைசி நாள் விடுமுறைக்குள் விழுந்தால் மட்டும்தான் கோர்ட் திறக்கும் நாளில் கொடுக்கலாம். இடையில் வரும் விடுமுறை கழியாது. எத்தனையோ ஜூனியர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் கணக்கில் ஒரு நாள்கூடப் பிசகில்லை. அனுபவத்துக்கு ஒரு மரியாதை உண்டென்று அவளுக்கும் தெரியட்டுமே என்று நினைத்தேன். விரல்களைப் பற்றி நான் நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள்.

நேற்று ஆசீர்வாதம் வந்தான். என்னைப் பற்றித் தப்பாகப் பேசினாள் என்று மகளோடு பேச்சை விட்டுவிட்டானாம். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"அப்பீலுக்கு எத்தினி நாளு சாமி?"

அறுபது நாள். நேற்றோடு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது.

"ஆயுத பூஜை, தீபாவளி லீவெல்லாம் கழிச்சா நிறைய இருக்கு. நிதானமா எழுதலாம், உட்கார்" என்றேன். பாவம், அவனுக்கும் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.