உரிக்காத தாள்

ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்குக் கூலர் தேடுவதும் வீட்டுக்கு மருமகள் தேடுவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். சத்தம் வரக் கூடாது, சட்டென்று சூடேறக் கூடாது, கொடுத்த இடத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டையும் நான்தான் தேடினேன். இரண்டிலும் அவசரப்படவில்லை.

என் பெயர் முத்துராமலிங்கம். ஊர் காமயகவுண்டன்பட்டி. கம்பத்தில் முப்பத்தோரு வருடம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். திராட்சைத் தோட்டங்களில் எந்த மோட்டார் புகைந்தாலும் என்னிடம்தான் வரும். வண்டியிலிருந்து இறக்கும்போதே முகர்ந்து பார்த்து, எங்கே கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வாங்கிய பொருளின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை நாங்கள் உரிப்பதில்லை. பிரிட்ஜ் வந்து ஒன்பது வருடமாகிறது. கதவில் நீலத் தாள் அப்படியே இருக்கிறது. சோபாவின் உறையையும் கழற்றியதில்லை. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டி முதலில் எழாது. விருந்தாளிகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பொருளில் ஒரு கீறல் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

என் மகன் விஜயபாண்டிக்கு போடியில் ஏலக்காய்க் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வருவான், திங்கட்கிழமை போவான். மருமகள் ஓவியா வண்டிப்பெரியாறில் வளர்ந்தவள். தமிழ் எப்படியோ அப்படியே மலையாளமும் அவளுக்கு வரும். மலையாள சீரியல்களைத் தமிழாக்கும் சென்னைக் கம்பெனி ஒன்று அவளுடைய குரலைக் கேட்டுவிட்டு, வீட்டிலிருந்தே பேசிக் கொடுக்கலாம் என்றது. ஒரே ஒரு குறை சொன்னார்கள். குரலுக்குப் பின்னால் ஏதோ இரைகிறதாம். பக்கத்தில் மாவு மில் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

மாவு மில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்த விசிறிதான். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு மணி நேரம் நேரடியாகப் பேசிக் காட்ட வேண்டும், இரைச்சல் இல்லாவிட்டால் வேலை நிரந்தரம் என்றார்கள்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பெண்களின் குரல் வாசற்படி தாண்டிக் கேட்டதில்லை. பங்குனித் திருவிழாவில் மைக் பிடித்தால் என் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும், அது வேறு. வீட்டு மருமகள் யாரோ ஒரு நடிகையின் வாய்க்குள் புகுந்து அழுவதையும் சிரிப்பதையும் ஊர் ஊராக உட்கார்ந்து கேட்பார்கள் என்றால், அந்த வீட்டுக்குப் பெரியவன் என்று ஒருவன் எதற்கு?

ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருமகளை அடக்கி வைத்திருக்கிறான் என்ற பேச்சு வந்தால் அதுவும் கௌரவக் குறைவுதானே.

அவளுடைய கம்ப்யூட்டர் நடுவறையில், என் மனைவி மொக்கம்மாளின் பழைய தையல் மிஷின் மேசைமேல் இருக்கிறது. மிஷினை உள்ளே மடக்கிவிட்டால் நல்ல மேசை. ஓவியா பேசும்போது கால் தானாகப் பெடலை ஆட்டும். எண்ணெய் போட்ட பெடல், சத்தம் வராது. அன்றும் பெடலில் கால் வைத்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

“மாமா, இந்த விசிறிதான் என் பொழப்பக் கெடுக்குது. தேனியில போயி ஒரு நல்ல கூலரு வாங்கணும்.”

“நீ எதுக்கு அலையிற? முப்பது வருசமா சுத்துற சாமானோடயே கெடந்தவன் நான். நானே வாங்கியாந்து மாட்டித் தாரேன்” என்றேன்.

மொக்கம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஆத்தாடி, மாமனாருக்கு வந்த பாசத்தப் பாரு. எனக்கு ஒரு மிக்சி வாங்க நாலு வருசம் யோசிச்சாக.”

ஓவியா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தேனியில் வினோத்ராஜ் என்பவருடைய கடை. நாற்பது வயது இருக்கும், பொறுமையான மனிதர். கம்ப்யூட்டர் பெட்டியின் அளவை நான் எழுதிக்கொண்டு போயிருந்ததைப் பார்த்து அசந்துவிட்டார்.

“தண்ணி ஓடுற கூலர் ஒண்ணு இருக்கு ஐயா. பாக்க அழகா இருக்கும்.”

“கரண்டு இருக்குற பெட்டிக்குள்ள தண்ணியா? உங்க வீட்டுல போடுவீகளா?”

“போட மாட்டேன்” என்று ஒப்புக்கொண்டார். “விசிறியே இல்லாததும் இருக்கு. சத்தம் துளிகூட வராது. ஆனா நம்ம சித்திரை வெயிலுக்குத் தாங்காது.”

கடைசியில் அகலமான விசிறி வைத்த குட்டையான ஒன்றை எடுத்தார். மெதுவாகச் சுற்றும், பெட்டியின் மூடியும் இடிக்காமல் மூடும். கூடவே ஒரு சின்ன ஒயர். அதைச் சேர்த்து மாட்டினால் எவ்வளவு சூடானாலும் விசிறியின் வேகம் ஏறாது. கையில் வைத்துச் சுற்றிவிட்டுக் காதோரம் பிடித்தேன். கோயில் யானை காதை ஆட்டுவது போல இருந்தது.

பொட்டலம் கட்டும்போது வினோத்ராஜ் சொன்னார்: “அடியில செம்புத் தகட்டு மேல ஒரு தாளு ஒட்டியிருக்கும் ஐயா. மறக்காம உரிச்சிட்டுப் போடுங்க. உரிக்கலைன்னா சூடு தகட்டுக்கு ஏறாது. கொஞ்ச நேரம் ஓடிட்டு, பெட்டி தானா அணஞ்சிரும்.”

நான் தலையாட்டினேன். பஸ்ஸில் உத்தமபாளையம் தாண்டும்வரை தாளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் இருவரும் சுருளிக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பழைய விசிறியைக் கழற்றினேன். சூட்டைக் கடத்தும் பசையை நெல் அளவு வைத்தேன். கூலரைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி போல மெல்லிய தாள். ஓரத்தில் பிடித்து இழுக்க ஒரு சின்ன நாக்கு. அந்த நாக்கு வெளியே தெரியாதபடி உள்ளே மடித்துவிட்டு, கூலரை அப்படியே உட்கார வைத்தேன். நான்கு திருகுகளையும் ஒரே சீராக முடுக்கினேன். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

பிறகு நான்கு வீடியோக்களை ஒன்றாக ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பத்தொன்பதாவது நிமிடம் பெட்டி அணைந்தது. சத்தமே இல்லை. நல்ல கூலர்.

புதன்கிழமை மாலை ஓவியா பத்து நிமிடம் பேசிப் பார்த்தாள். பதிவைப் போட்டுக் கேட்டபோது அவள் குரல் மட்டும்தான் இருந்தது. எழுந்து வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“எங்க அப்பா இருந்திருந்தாக்கூட இப்பிடி மெனக்கெட்டிருக்க மாட்டாரு மாமா.”

“நல்லா இரும்மா” என்றேன்.

வியாழக்கிழமை பதினோரு மணி. கதவைச் சாத்தியிருந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். உள்ளே அவள் யாரோ ஒருத்தியாக அழுதாள். பிறகு அந்த ஒருத்தியின் மாமியாராக அதட்டினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. மாமியார் கொஞ்சம் என்னைப் போலப் பேசினாள். பதினொன்று இருபத்தொன்றுக்குக் குரல் நின்றது.

கதவைத் திறந்து வந்தாள். “மாமா, அணஞ்சிருச்சு.”

“கரண்டு இருக்கே” என்று தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைக் காட்டினேன்.

மறுபடி போட்டாள்; நாலு நிமிடம் ஓடியது. மறுபடியும் போட்டாள், அது இரண்டு நிமிடம். பிறகு போன் வந்தது. பரவாயில்லை என்று அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்களாம். அந்த இடத்துக்குத் திருச்சூரிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஓவியா அன்று சாப்பிடவில்லை. ஒரு வேளைதான். மறுநாள் சாப்பிட்டுவிட்டாள்.

சனிக்கிழமை விஜயபாண்டி பெட்டியைத் தேனிக்குக் கொண்டுபோனான். வினோத்ராஜ் கூலரைக் கழற்றி, பசையோடு தாளை இடுக்கியால் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். படத்துக்குக் கீழே, ‘ஐயா மறந்துட்டாங்க போல’ என்று எழுதியிருந்தார்.

வீடே சிரித்தது. ஓவியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “மாமா பாவங்க. பிரிட்ஜ் தாளையே ஒம்பது வருசமா உரிக்கல. இத எங்க உரிக்கப் போறாக.”

நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். நம் வழக்கம் நம்மைக் காக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

எதிர்பாராதது டீக்கடை. என் மச்சான் சுருளியாண்டி பத்துப் பேருக்கு நடுவில் கேட்டான்: “என்ன மச்சான், நேத்து வாழப்பழத்தத் தோலோட தின்னீகளாமுல்ல?”

கடை குலுங்கியது. வடை போடுகிறவர்கூட, வடையை மடித்த காகிதத்தைக் காட்டி, “இத உரிச்சிட்டுத் திங்கணும் ஐயா” என்றார். கம்பத்தில் என்னிடம் மோட்டார் கட்டியவர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். மொக்கம்மாள் நடுவறையில் நின்றுகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் இல்லாத தையல் மேசையின் பலகையில் அவளுடைய கை இருந்தது. தாளின் படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“ஏங்க, அப்ப அந்தப் பாபின் கேஸு?” என்றாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய விஷயம். அவள் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முத்துராமலிங்கம் பொண்டாட்டி தைத்துத்தான் அடுப்பு எரிகிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் மிஷினிலிருந்து நூல்கண்டை வைக்கும் அந்தச் சின்ன இரும்புக் கூட்டைக் காணவில்லை. பதினோரு நாள் தேடினாள். நானும் டார்ச் அடித்துக் கூடவே தேடினேன். வேறு வாங்க மதுரைவரை போனேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து, இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லையாம் என்றேன். அந்தக் கூடு முதல் நாளிலிருந்தே வாய்க்காலில் கிடந்தது. அதன்பிறகு அவள் தைக்கவில்லை. குடும்பம் மரியாதையாக இருந்தது.

“எந்தப் பாபின் கேஸு?” என்று கேட்டேன்.

அவள் பிரிட்ஜுக்குப் போய், கதவின் மூலையில் நகத்தை வைத்து, நீலத் தாளை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் உரித்தாள். பிறகு சோபா. பிறகு டிவி. ஓவியா ஓடி வந்து, “அத்தே, என்ன செய்றீக?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கப்புறம் அவளும் ஒரு மூலையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.

இப்போது வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வருகிறது, தட்டு போகிறது. ஓவியாவுக்கு அடுத்த மாதம் வேறொரு கம்பெனியில் பரீட்சையாம். கூலரை அவளே மாட்டிக்கொண்டாள். வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதை யாரும் சொல்வதில்லை.

இதெல்லாம் போகட்டும். நான் இதை எழுதுவது ஒரே ஒரு திருத்தத்துக்காக. டீக்கடையில் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தின் பெயருக்கு அது நல்லதல்ல. முத்துராமலிங்கம் தாளை உரிக்க மறந்துவிட்டான் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். முப்பத்தோரு வருடம் மோட்டார் கட்டியவன் நான். எதையும் மறந்து செய்தவன் அல்ல.