முத்து, வாத்து, பாத்து

சல்மா: என்னது, வேண்டாமா? உக்காந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கலையே மாப்புள...

சதக்கத்துல்லா: ஐயோ, பொண்ணை வேண்டாங்கலைங்க. 'வெண்டா'ன்னேன். தென்னாப்பிரிக்காவுல நான் கடை வச்ச பக்கம் பேசுற பாஷை.

ஜுவைரியா: ராத்தா, நீ உள்ள போய்ப் பலகாரத்தைப் பாரு.

சல்மா: தங்கச்சியைத் தனியா விட்டுட்டு வான்னு உம்மா சொல்லலையே. இங்கனயே நிக்கிறேன்.

ஜுவைரியா: நில்லு... நீங்க சொல்லுங்க. அந்தப் பாஷையில ஒரு ஆளுக்கு என்ன?

சதக்கத்துல்லா: 'முத்து'.

ஜுவைரியா: பல ஆளுன்னா?

சதக்கத்துல்லா: 'வாத்து'.

சல்மா: ஒத்தையில முத்து, கூடி நின்னா வாத்தா... நம்ம சொந்தக்காரங்களுக்கு அப்படியே பொருந்துது.

ஜுவைரியா: சிரிக்காத ராத்தா. நாம ஆளு, ஆளுகன்னு வார்த்தைக்கு வாலை ஒட்டுறோம். அவங்க தலையை மாத்துறாங்க.

சதக்கத்துல்லா: இது... உங்களுக்கு எப்படி?

ஜுவைரியா: நான் டாக்டரேட் பண்றதே அந்தப் பாஷையிலதான். எல்லாம் புத்தகமும் ரெக்கார்டிங்கும். உங்க கடைப் பக்கமும் வாத்துதானா?

சதக்கத்துல்லா: எங்க ஊரு எல்லையில இருக்குங்க. பக்கத்துல சோத்தோ பாஷை பேசுறவங்க. பழகிப் பழகி, எங்கிட்டச் சாமான் வாங்க வாரவங்க 'பாத்து'ம்பாங்க.

ஜுவைரியா: 'பா'ங்கிற தலை சோத்தோ, மிச்ச உடம்பு வெண்டா... இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இன்னொருக்காச் சொல்லுங்க.

சதக்கத்துல்லா: பாத்து.

சல்மா: யாரு, எதைப் பாத்து?

ஜுவைரியா: ராத்தா...

சதக்கத்துல்லா: நான் ஒண்ணு சொல்லணுங்க. கடை விசயமா...

ஜுவைரியா: நான் முதல்ல சொல்லிர்றேன். வந்த மாப்புளை எல்லாரையும் வேணாம்னவ, உங்களைப் பாக்கச் சம்மதிச்சதே உங்க கடை அங்கன இருக்குன்னுதான். அந்தப் பக்கத்து யுனிவர்சிட்டியில எனக்கு வேலை கிடைச்சிருச்சு. கல்யாணம் ஆனாலும் ஆகாட்டியும் போறேன்.

சல்மா: ஏண்டி... வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

ஜுவைரியா: இப்ப உங்கிட்டச் சொல்லிட்டேன்ல. வாப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்... நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?

சதக்கத்துல்லா: கடையை வித்துட்டேங்க. இனி நம்ம ஊரு கீழக்கரையிலயே இருந்துரலாம்னுதான் பொண்ணு பாக்கவே கெளம்புனேன்... பரவாயில்ல. வித்தது கடையைத்தான, பாஷையை இல்லையே. நானும் வாரேன்.