பட்டியல்ல இல்லாதது

இல்லைங்க சார், அந்தப் பாரத்த மடிச்சுப் பையிலயே வச்சிக்கங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். அருப்புக்கோட்டைல பஸ்ஸேறி, திருச்சுழில எறங்கி, இந்த வெயில்ல ரெண்டு மைலு கரிசக்காட்டுல நடந்து வந்திருக்கீக. மொதல்ல தண்ணியக் குடிங்க, இந்த வேப்பமர நெழல்ல உக்காருங்க. ஆனா மழை அளந்து எழுதுற வேலைக்கு வேற ஆளப் பாருங்க.

கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. பாரத்துக்குப் பின்பக்கம் அச்சடிச்சிருக்கே பட்டியலு, அதுதான் எனக்கு ஆகாது. லேசான மழை, மிதமான மழை, கனத்த மழை. இதுக்கு மேல ஒரு எழுத்து எழுதக் கூடாது, அப்பிடித்தான? எங்க சனங்க மழைய ஒழவுக் கணக்குல சொல்லும். கலப்பை எறங்குற ஆழத்துக்கு ஈரம் இருந்தா அது ஒரு ஒழவு மழை. அரை மணி நேரத்துல ரெண்டு இஞ்சு கொட்டி, அம்புட்டும் ஓடையில ஓடிருச்சுன்னு வைங்க. மழை அளக்குற உங்க செம்புல ரெண்டு இஞ்சு இருக்கும். எங் காட்டுல ஒரு வெத மொளைக்காது. அத எந்தக் கட்டத்துல எழுதச் சொல்றீக?

அதான. கட்டம் இல்ல.

ஆமா, வேதநாயகம் நாந்தான். எம்பேர எங்க புடிச்சீக? சர்ட்டிபிகேட்டா? அது இன்னும் பைல்ல இருக்கா! படிங்க, கேப்போம். நாலு வருசம் துறைமுகத்துல கடல் நிலவரம் எழுதுனவரு, நம்பிக்கையானவரு, பட்டியல மீறி ஒரு சொல்லு எழுதாதவரு. பேஷ். நல்லாத்தான் எழுதிருக்காக. அதுக்குள்ள ரெண்டு மெமோ இருக்கணுமே, இருக்கா? பாருங்க. இருக்காது.

எம் பொழப்பக் கேளுங்க. மிஷன் ஸ்கூல்ல எட்டாங் கிளாசு பாஸ். மூணு வருசம் மழை இல்லாம வெள்ளாமை கருகிக் கெடந்தப்ப, கடக்கரைல ஒரு வேலை இருக்குன்னு பாதிரியாரு அனுப்பி வச்சாரு. அதுக்கு முந்தி கடல நான் படத்துலகூடப் பாத்ததில்ல. போன புதுசுல கெழக்க கருமேகம் தெரண்டுச்சு. நான் சட்டையக் கழத்தி வீசிட்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு மணல்ல குதிக்கேன். வள்ளக்காரங்க எல்லாரும் என்னயப் பாத்து சிரிக்காக. வறக்காட்டுக்காரனுக்கு மேகத்தக் கண்டா வேற என்ன தோணும்? அவுகளுக்கு அது எமன்.

அப்ப எங்கிட்ட வந்து நின்னவருதான் கயித்தானு. அறுவது வயசு, கப்பல் சரக்கக் கரைக்குக் கொண்டார வள்ளம் ஓட்டுறவரு. தெனம் விடியக்காலம் ஈயக்குண்ட கயித்துல கட்டித் தண்ணில எறக்குவாரு. கயித்த ரெண்டு வெரல்ல புடிச்சுக்கிட்டு, அடித் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்லுவாரு. அந்த அடி ஓட்டத்துக்கு நீவாடுன்னு பேரு. மேல அல ஒண்ணு சொல்லும், அடியில ஓட்டம் வேற சொல்லும், நம்மள மாதிரித்தான் தம்பிம்பாரு. ஆறு மணிக்கு ஆபீசு சன்னலுக்கு வெளிய வந்து நின்னு எங்கிட்ட அன்னன்னைக்குச் சேதிய ஒப்பிப்பாரு.

பட்டியல்ல கடலுக்கு சைபர்லருந்து ஒம்போது வரைக்கும் நம்பரு. கண்ணாடி மாதிரி கெடந்தா சைபரு, சின்னச் சிலுசிலுப்புன்னா ரெண்டு, மல மாதிரி எழும்புனா ஒம்போது. கராச்சிலருந்து கல்கத்தா வரைக்கும் எவன் படிச்சாலும் ஒரே அர்த்தம். அதுலயும் ஞாயம் இருக்கு சார், இல்லைங்கல. ஊருக்கு ஊரு ஒரு பேச்சுன்னா தந்தி எப்பிடிப் போகும்? யுத்தக் காலம் வேற. நம்பரத் தவுர ஒரு வார்த்த போகக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா அடித் தண்ணிக்குக் கட்டம் இல்ல. நான் நோட்டு ஓரத்துல எழுதி, தந்தி வாசகத்துலயும் சேத்து அனுப்புனேன். சிவப்பு மையில அடிச்சு மெமோ வந்துச்சு. திரும்ப எழுதுனேன். ரெண்டாவது மெமோ. மூணாந் தடவ எழுதுனா ஊருக்குப் போயிரலாம்னு அதுல எழுதிருந்துச்சு. ஊருல என்ன இருக்கு? எம் பொண்டாட்டி எலிசபெத்து அவிச்ச பிண்ணாக்கப் பிள்ளைகளுக்குக் குடுத்துக்கிட்டு இருந்தா. ஓரத்துல எழுதுறத விட்டுட்டேன்.

நாப்பத்தி மூணு ஐப்பசி. கடலு பெருசா அசையல. கயித்தானு மூச்சு வாங்க ஓடி வந்தாரு. தம்பி, மேல இப்பிடிக் கெடக்கு, அடியில வடக்க பிச்சுக்கிட்டுப் போகுது, குண்டு தரையில நிக்கல, வெளிய எங்கயோ பெருசா கெளம்பிருக்கு, எழுதுன்னாரு. நான் சன்னல் வழியாப் பாத்தேன். சிலுசிலுப்புத்தான். ரெண்டுன்னு எழுதித் தந்திக்குக் குடுத்துட்டேன்.

கயித்தானு சொல்லக் கேட்டு வள்ளக்காரங்க போகாம இருந்திருப்பாக. ஆனா வெளிய கப்பல்ல அரிசி நின்னுச்சு. காண்டிராக்டரு வந்தான். கொடிமரத்துல புயல் கூண்டு ஏத்திருக்கானா? இல்லைல்ல? அப்ப எறங்குங்க, இல்லைன்னா நாளைக்கு வேற ஆளு எறங்கும்னான். ரெண்டுன்னு தந்தி போனா எவன் சார் கூண்டு ஏத்துவான்? மூணு வள்ளம். பதினோரு பேரு. அதுல ரெண்டு பேரு கயித்தானு பெத்த பிள்ளைக. மத்தியானமே புயல் அடிச்சிருச்சு. ஒரு துடுப்பு மட்டும் கரையேறுச்சு.

விசாரணை வச்சாக. தொர வந்து உக்காந்தாரு. கயித்தானு கூட்டத்துல நின்னு, காலைலயே ஆபீசுல சொன்னேன்யான்னாரு. தொர நோட்டப் பாத்தாரு. ஓரம் வெள்ளையாக் கெடந்துச்சு. எழுத்துல இல்லையேன்னாரு. அப்பறம் என்னயக் கூப்புட்டாக.

என்ன சொன்னேனா? தண்ணி இன்னும் வேணுமா, மொண்டு தாரேன்.

பைபிள்ல கை வச்சு, இவுரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலன்னேன். அதோட விட்டனா? காலைலயே கள்ளு குடிச்சிருந்தாரு, பேச்சு கொழறுச்சுன்னும் சொன்னேன். அதுக்கு அடுத்த வாரந்தான் ரெண்டு மெமோவும் பைல்லருந்து காணாமப் போச்சு. நீங்க படிச்சீகளே, அந்தக் காயிதம் வந்து சேந்துச்சு.

பட்டியல்தான் அவுகளக் கொன்னுச்சுன்னு பல நாளு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது கொல்லல சார். பட்டியல்ல கயித்தானுக்குக் கட்டம் இல்ல, சரி. என் வாய்க்கு எவன் கட்டம் போட்டான்? இன்னொரு தடவ அந்தப் பாரம் எங் கைக்கு வந்தா, இன்னொரு தடவ நான் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிருவேன். அதான் வேணாங்கேன்.

கயித்தானா? விசாரணை முடிஞ்ச மறுநா ஆறு மணிக்கு நோட்ட விரிச்சேன். சன்னலுக்கு வெளிய ஈரக் கயித்தோட நிக்காரு. எம் மூஞ்சியப் பாக்கல. தண்ணி தெளிவு, அடி ஓட்டம் தெக்கன்னாரு. போயிட்டாரு. நான் வேலைய விட்டு வார வரைக்கும் ஒரு நா தவறாம வந்து சொன்னாரு சார்.

நான் நம்பரத்தான் எழுதுனேன்.