ஏசினதையும் எழுதும்

"நான் உம்மை ஏசுறதையும் எழுதும்."

லோரன்ஸ் வீதி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்த கணவர் மனைவியிடம் சொன்னார். கார் விபத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டு மூன்று வருடமாம். இழப்பீட்டுப் படிவத்தை மனைவி நிரப்பிக்கொண்டிருந்தார்.

"மறதி, தலையிடி எல்லாம் எழுதிட்டன். ஏசுறது எங்கட வீட்டு விசயம். லோயருக்கு ஏன்?"

"அடிபட முதல் நான் உம்மை ஒருநாளும் ஏசினதில்லை. அதுவும் காயம்தான்."

மனைவி குனிந்து எழுதினார்.

"என்ன, இவ்வளவு நீளம்?"

"ஏசிப்போட்டு, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து பக்கத்தில இருப்பியள். அதையும் எழுதினன்."

"அது கேஸுக்கு உதவாதப்பா."

"உதவாட்டிப் பரவாயில்லை. வாசிக்கிற ஆக்கள் உங்களைப் பிழையா நினைக்கக்கூடாது."