ஊசி அசையாத பெட்டி

இந்தத் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் யாரோ குடித்த கறை இருக்கிறது. பரவாயில்லை ஐயா, கைக்குட்டை வைத்திருக்கிறேன்.

ஜப்பானின் அவோமோரிக் கரையில், எங்கள் மீனவர் சங்கப் படகுகளின் வானொலிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஒசனாய் கேப்டனின் படகு மட்டும் வாரம் தவறாமல் வரும். ஆண்டெனாக் கம்பியில் அவர் கணவாய் மீன் காயப்போடுவார், குடலைக்கூடச் சரியாக வழிக்காமல். ஈரக் கணவாய் தொங்கினால் கம்பி பொருந்தாமல் போகும். வானொலியின் ஆம்ப்ளிஃபையர் அனுப்பும் சக்தி திரும்பி வந்து அதையே சுடும். எவ்வளவு திரும்புகிறது என்று மீட்டர் ஊசி காட்டும். வானொலிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள பொருத்துப் பெட்டியின் குமிழ்களைத் திருகி ஊசியை இறக்குவேன். மறுவாரம் புதுக் கணவாய். கம்பியில் வழியும் கணவாய்ச் சளி மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஓடும். மூன்று முறை சோப்புப் போட்டாலும் சோற்றில் அந்த வாடை.

"கம்பியை மட்டும் காலியா விடுங்க, கேப்டன்."

"பேச்சும் போகணும், கணவாயும் காயணும். வேற எதுக்கும்மா கம்பி?" கையை என் சட்டைத் தோளில் துடைத்தார். "தொகுஜி, கேட்டியா? மகாராணிக்கு நாத்தம் ஆகாதாம்."

"விடுங்க மச்சான், பாவம்" என்றார் படகில் கூட வேலை செய்யும் அவர் மைத்துனர் தொகுஜி. கை கழுவிவிட்டுத்தான் எனக்குத் திருப்புளியை எடுத்துக் கொடுப்பார்.

செப்டம்பரில் அவர் படகின் பெட்டிக்குள் ஒரு ரெசிஸ்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பேசும் பொத்தானை அழுத்தினால் சக்தி முழுவதும் அதில் சூடாகித் தீரும். கம்பிக்கு ஏறக்குறைய எதுவும் போகாது; திரும்பியும் வராது, அதனால் ஊசி அசையாது. மற்றவர் பேசுவது வழக்கம்போலக் கேட்கும். துறைமுகத்துக்குள் சோதித்தபோது, கசிந்ததே சங்கத்துக்குக் கேட்கப் போதுமாக இருந்தது.

"இருபது கணவாய் தொங்குது, ஊசி அசையல" என்றார் கேப்டன். "வேலை தெரியாம இத்தனை நாள் என்னைக் குறை சொல்லிட்டிருந்திருக்க."

இனி வரமாட்டார். எனக்கு அது போதும்.

அந்தப் பெட்டியோடு அவர்கள் கடலுக்குப் போன முதல் பயணத்திலேயே புயல் வந்தது. பிற்பகல் முழுவதும் சங்க அறையில் வானொலியைக் கவனிக்கும் நகாயா ஒலிவாங்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒசனாய், எங்க இருக்கீங்க? இடத்தைச் சொல்லுங்க, மீட்புக் கப்பல் ரெடியா நிக்குது."

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். படகில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இங்கே எதுவும் வந்து சேரவில்லை. ஊசியைப் பார்த்து, பேச்சு போகிறது என்று நம்பியிருப்பார்கள்.

பெட்டியைக் கழற்றிவிட்டுக் கம்பியை வானொலியில் நேராகச் செருகச் சொன்னால் போதும். ஒரே வரி. நான் சொல்லவில்லை. அகப்பட்டுக்கொள்வேன் என்று பயந்து அல்ல. அடுத்த வாரம் அவர் அந்தக் கம்பியோடு மறுபடி வந்து நிற்பார்.

தொகுஜியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். அவரும் அந்தப் படகில் இருக்கிறார் என்று அப்போதே தெரியும்.

உடைந்த படகுப் பலகையோடு கரை ஒதுங்கிய பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள் அல்லவா, ஐயா? நான் பற்றவைத்த இடத்தைக் கவனித்தீர்களா? அந்தப் படகிலேயே சுத்தமான இடம் அதுதான்.